எண்ணெய்க் கிணற்றில் உப்பு நீரை அடைக்கும் 'ஜெல்'

வரப்பில் நண்டு வளை இருந்தால் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் வயலில் நீர் நிற்காது. வளையைத் தேடிக் கண்டுபிடித்து, களிமண்ணை உருட்டி உள்ளே திணித்து மிதித்தால்தான் ஒழுக்கு நிற்கும். பூமிக்கு அடியில் பல ஆயிரம் அடி ஆழத்திலிருந்து எண்ணெய் எடுப்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே தொல்லை உண்டு. ஆனால் அங்கே நீர் வெளியே ஒழுகுவதில்லை. வேண்டாத உப்பு நீர் பாறை வெடிப்புகளின் வழியே கிணற்றுக்குள் புகுந்துவிடுகிறது. அந்த வழிகளை அடைக்க, களிமண்ணுக்குப் பதிலாகப் 'பாலிமர் ஜெல்' எனப்படும் ஒரு வகைக் கெட்டிக் கூழ் பயன்படுத்தப்படுகிறது.

எண்ணெய்க் கிணற்றைப் பற்றி விவசாயி ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். மேலே வரும் உப்பு நீரை எங்காவது கொண்டுபோய் விட்டாக வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் விளைநிலத்தின் நடுவிலோ, அதன் அடியிலோதான் அமைகிறது. காவிரிப் படுகையிலும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் நெல் வயல்களுக்கு இடையிலேயே இருக்கின்றன. எனவே இந்த நீர் எப்படி வருகிறது, அதை எவ்வாறு தடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது.

எண்ணெயுடன் தண்ணீர் ஏன் வருகிறது?

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி போலத் தேங்கி நிற்பதில்லை. மணற்பாறை, சுண்ணாம்புப் பாறை போன்றவற்றில் உள்ள நுண்ணிய துளைகளிலும் வெடிப்புகளிலும் ஊறிக் கிடக்கிறது. எண்ணெய் இலேசானது, ஆகவே மேலே நிற்கும். அதற்குக் கீழே தண்ணீர் நிற்கும். இப்பாறைகளில் பெரும்பாலானவை பழங்காலக் கடல்களில் படிந்தவை ஆதலால் அந்தத் தண்ணீர் உப்பாக இருக்கும். கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பான நீரும் சில இடங்களில் உண்டு.

எண்ணெயை எடுக்க எடுக்க, கீழேயுள்ள உப்பு நீர் மேலே ஏறி அந்த இடத்தை நிரப்புகிறது. கிணறு புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் எண்ணெயே வரும். வயதாக ஆக எண்ணெய் குறைந்து நீர் கூடும். அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலிருந்து மேலே வந்த நீர் ஏறத்தாழ 2,100 கோடி பீப்பாய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். அந்நாட்டு எண்ணெய்க் கிணறுகளில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏழு பீப்பாய்க்கு மேல் தண்ணீர் வந்திருக்கிறது.

கோதுமை வயல்களின் நடுவே

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள கன்சாஸ் மாநிலம் கோதுமைக்குப் பெயர் பெற்றது. அங்கும் எண்ணெய்க் கிணறுகள் வயல்களுக்கு நடுவேதான் நிற்கின்றன. இந்த மாநிலத்தில் இதுவரை எடுக்கப்பட்ட எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'ஆர்பக்கிள்' என்ற பாறையிலிருந்து வந்தது. சுண்ணாம்புப் பாறை வகையைச் சேர்ந்த இது, பல இடங்களில் 3,000 அடிக்கும் கீழே இருக்கிறது. வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது. அடியில் வற்றாத உப்பு நீர் உள்ளது.

அங்குள்ள பழைய கிணறுகள் பலவற்றில் நாளொன்றுக்குப் பத்துப் பீப்பாய் எண்ணெய்கூடக் கிடைப்பதில்லை. மேலே வரும் 100 பீப்பாயில் 90க்கு மேல் வெறும் உப்பு நீராகவே இருக்கும். அந்நாட்டில் நிலத்துக்கு அடியிலுள்ள எண்ணெய் பல இடங்களில் நிலச் சொந்தக்காரருக்கே உரியது. எடுக்கும் எண்ணெயில் எட்டில் ஒரு பங்கை அவருக்குக் கொடுப்பது பழைய வழக்கம். ஆகவே கிணற்றில் நீர் கூடி, மின்சாரச் செலவு கட்டாமல் அதைக் கைவிட்டால், விவசாயியின் பங்கும் நின்றுபோகும். சரியாக மூடாமல் விட்டுப்போன கிணறு வழியே உப்பு நீர் நல்ல நீர்ப்படுகையில் கலக்கும் ஆபத்தும் அவர் தலையில் விழும்.

உப்பின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அதே அளவு உப்புள்ள நீர் ஒரு பீப்பாயில் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ உப்பைக் கொண்டுவரும். நாளொன்றுக்கு 100 பீப்பாய் நீர் வந்தால் உப்பு 550 கிலோ. ஆண்டுக்கு 200 டன். இவ்வளவும் ஒரே கிணற்றிலிருந்து!

இதைக் கவனிக்காமல் விட்டதன் விளைவு கன்சாஸில் பர்ட்டன் என்ற ஊருக்கு அருகே தெரிந்தது. அங்கு 1931இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. கிணறுகளில் வந்த உப்பு நீரை மண் குழிகளில் விட்டார்கள். வெயிலில் வற்றிவிடும் என்பது எண்ணம். ஆனால் மணற்பாங்கான நிலமாதலால் நீர் வற்றுவதற்குப் பதில் கீழே இறங்கியது. பாசனத்துக்கும் விச்சிட்டா நகரின் குடிநீருக்கும் உதவும் நிலத்தடி நீர்ப்படுகையில் உப்பு கலந்தது. குழிகளை மூடிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அந்த உப்பு நிலத்தடியில் மெல்ல நகர்ந்துகொண்டேயிருக்கிறது.

உப்பு நீர் வயலில் பாய்ந்தால் இரண்டு கேடுகள் உண்டாகும். முதலாவது, மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாமல் பயிர் வாடும். இரண்டாவது, உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் கெடுத்துவிடும். மண் இறுகி, மேலே ஓடு கட்டி, நீர் உள்ளே இறங்காது. பிறகு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் விட்டுக் கழுவி, வடிகால் வழியே உப்பை வெளியேற்றி மண்ணைத் திருத்தப் பல பருவங்கள் ஆகும்.

இப்போது அமெரிக்காவில் பெரும்பாலும் இந்த நீரை ஆழ்கிணறுகள் மூலம் மீண்டும் பாறைக்குள்ளேயே செலுத்திவிடுகிறார்கள். இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. புதிய கிணறுகள் பெருகியபோது, கன்சாஸின் தென்பகுதியிலும் அடுத்துள்ள ஒக்லஹோமாவிலும் அளவுக்கு மீறி நீர் செலுத்தப்பட்டது. அங்கே நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. 2015இல் கன்சாஸ் அரசு அமைப்பு, சில பகுதிகளில் செலுத்தும் நீரின் அளவுக்கு வரம்பு விதித்தது. 2016 செப்டம்பரில் ஒக்லஹோமாவின் பானி அருகே 5.8 ரிக்டர் அளவில் நில அதிர்ச்சி உண்டாயிற்று. ஆகவே வந்த நீரை எங்கே விடுவது என்று தேடுவதைவிட, நீர் வராமலே செய்வது மேல் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

ஜெல் என்பது என்ன?

இதற்கு வேண்டிய முக்கியப் பொருள் 'பாலிஅக்ரிலமைடு' என்ற பாலிமர். பார்ப்பதற்கு வெள்ளைத் தூளாக இருக்கும். கலங்கல் நீரைத் தெளிய வைக்கவும் இதே இனத்தைச் சேர்ந்த பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். 1,000 லிட்டர் நீரில் 3 முதல் 10 கிலோ வரை கரைத்தால் கஞ்சி போல வழவழப்பாகிவிடும். இந்தப் பாலிமர் மிக நீளமான நூல் இழைகளைப் போன்ற மூலக்கூறுகளால் ஆனது. அவை நீரில் விரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் வழவழப்பு உண்டாகிறது.

இந்தக் கஞ்சியுடன் குரோமியம் அசிடேட் என்ற உப்பைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். மீன் வலையில் நூல்களை முடிச்சுப் போட்டுப் பிணைப்பது போல, குரோமியம் பாலிமர் இழைகளை ஆங்காங்கே பிணைக்கிறது. எல்லா இழைகளும் பிணைந்ததும் கஞ்சி இறுகி நுங்கு போல் ஆகிறது. இதுவே ஜெல். இதில் 100க்கு 99 பங்கு வரை தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீர் வலைக்குள் சிக்கிக்கொண்டதால் ஓடாது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதி மக்களுக்குக் குரோமியம் புதிதல்ல. தோல் பதனிடும்போது தோலின் நார்களைப் பிணைத்து அழுகாமல் செய்வதும் குரோமிய உப்புதான். இரண்டு இடத்திலும் அது செய்யும் வேலை ஒன்றே.

முன்பு, 1970களில், இதற்கு டைகுரோமேட் என்ற உப்பைப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் கொடிய நச்சு. புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. 1980களில் மாரத்தான் எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் சைடன்ஸ்க், நச்சு மிகக் குறைந்த மூவிணைதிறக் குரோமியத்தைக் கொண்டு ஜெல் தயாரிக்கும் முறையை உருவாக்கினார். 1987இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. பிறகு இம்முறை பரவியது.

செலுத்தும் முறை

ஓட்டையை அடைக்கச் சிமெண்ட் போதாதா என்ற கேள்வி எழலாம். சிமெண்ட் பாலில் துகள்கள் உள்ளன. அவை நுண்ணிய வெடிப்பின் வாயிலேயே தங்கிவிடும். பாலிமர் கரைசலில் துகள் இல்லை. ஆகவே வெடிப்புக்குள் வெகுதூரம் செல்லும். உள்ளே போன பிறகே இறுகும். இதுதான் ஜெல்லின் சிறப்பு.

முதலில் கிணற்றைத் துப்புரவு செய்து, நீர் எந்த வழியாக வருகிறது என்று சோதிக்கிறார்கள். பின்னர் மேலே தொட்டியில் கரைசலைக் கலந்து, குழாய் வழியாகப் பம்பு மூலம் மெதுவாகச் செலுத்துகிறார்கள். முதலில் நீர்த்த கரைசல் போகும்; போகப் போகக் கெட்டியான கரைசல். ஒரு கிணற்றுக்குச் சில நூறு பீப்பாய் முதல் சில ஆயிரம் பீப்பாய் வரை தேவைப்படும். செலுத்தும்போது அழுத்தம் அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது அவசியம். மீறினால் பாறையில் புது வெடிப்பு உண்டாகி, பழைய தொல்லை இரட்டிப்பாகும்.

கடைசியாக, குழாயில் தங்கிய கரைசலை நீரோ எண்ணெயோ விட்டு உள்ளே தள்ளிவிட்டு, கிணற்றை மூடிவிடுகிறார்கள். ஜெல் நன்றாக இறுகச் சில நாள் முதல் ஒன்றிரண்டு வாரம் வரை ஆகும். ஆழத்தில் வெப்பம் கூடுதலாக இருந்தால் விரைவில் இறுகும். பிறகு மீண்டும் எண்ணெய் எடுக்கத் தொடங்குவார்கள்.

எண்ணெயையும் அடைத்துவிடாதா?

இது நியாயமான கேள்வி. ஜெல் இறுகிய இடத்தில் எண்ணெயின் ஓட்டமும் ஓரளவு குறையத்தான் செய்கிறது. ஆனால் நீரின் ஓட்டம் அதைவிடப் பல மடங்கு குறைகிறது. எண்ணெய் அழுத்தத்துடன் வரும்போது ஜெல்லை நெருக்கி, அதிலுள்ள நீரைச் சிறிது பிழிந்து வெளியேற்றித் தனக்கு ஒரு வழி செய்துகொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ராண்டி செரைட் என்ற ஆய்வாளர் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்.

எனினும் எல்லாக் கிணற்றுக்கும் ஜெல் ஏற்றதல்ல. நீர் ஒரு வழியிலும் எண்ணெய் வேறு வழியிலும் வந்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். நீர் பெரிய வெடிப்பு வழியாகவும், எண்ணெய் பாறையின் நுண்துளை வழியாகவும் வரும் கிணறுகள் இதற்கு உகந்தவை. கன்சாஸின் ஆர்பக்கிள் பாறை இத்தகையது. வெடிப்பே இல்லாத ஒரே சீரான பாறையில், அடியிலிருந்து நீர் கூம்பு போல் மேலெழுந்து வந்தால் ஜெல் அவ்வளவாக உதவாது. கிணற்றின் இரும்புக் குழாயில் பெரிய ஓட்டை இருந்தால் அதற்குச் சிமெண்டே ஏற்றது. ஊசித் துளை போன்ற ஒழுக்குக்கு ஜெல் போதும். நண்டு வளை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வரப்பு முழுவதும் மண் அணைப்பது எப்படிப் பயனற்றதோ, அப்படியே நீர் வரும் வழியை அறியாமல் ஜெல் செலுத்துவதும் பணத்தைப் புதைப்பதே ஆகும்.

கண்ட பலன்

2000ஆம் ஆண்டுக்குப் பின் கன்சாஸில் ஆர்பக்கிள் கிணறுகள் பலவற்றில் இந்த ஜெல் செலுத்தப்பட்டது. கன்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் விளைவுகளைக் கவனித்து வந்தனர். நன்றாக அமைந்த கிணறுகளில் மேலே வரும் நீர் பெருமளவு குறைந்தது. நீரை இறைக்கும் சுமை குறைந்ததால் சில கிணறுகளில் எண்ணெய் முன்னைவிட அதிகமாகவும் கிடைத்தது. ஆனால் அந்த அதிக எண்ணெய் நிலைக்கவில்லை. சில மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைந்து பழைய நிலைக்கு வந்தது. பலன் தராத கிணறுகளும் உண்டு. நீர் குறைந்ததால் மிச்சமாகும் மின்சாரமும், உப்பு நீரைக் கொண்டுசெல்லும் செலவு குறைவதுமே பல இடங்களில் உறுதியான லாபம்.

உவரான பாசனக் கிணற்றுக்கு உதவுமா?

கடலோரப் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் பல உவராகிவிட்டன. இந்த ஜெல்லை விட்டு உப்பு நீரை மட்டும் அடைக்க முடியாதா என்று விவசாயிகள் எண்ணக்கூடும். முடியாது. எண்ணெயும் நீரும் வெவ்வேறு பொருள்கள். ஆகவே ஜெல் ஒன்றை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் தடுக்கிறது. நல்ல நீரும் உப்பு நீரும் இரண்டும் நீரே. ஜெல்லுக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது; இரண்டையும் சேர்த்தே அடைத்துவிடும். கிணறு பாழாகும். குரோமியம் கலந்த பொருளைக் குடிநீர்ப் படுகையில் விடுவது உடல்நலத்துக்கும் கேடு. இப்படி அடைத்துத் தருவதாக யாராவது வந்தால் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

கடல் நீர் புகுந்த கிணறுகளில், இறைக்கும் அளவைக் குறைப்பது, ஆழத்தை மேலும் கூட்டாமல் மேல்மட்ட நல்ல நீரை மட்டும் மெதுவாக எடுப்பது, மழைநீரைப் பண்ணைக் குட்டைகளில் தேக்கி நிலத்தில் இறங்கச் செய்வது ஆகியவையே கைகண்ட வழிகள்.

கடைகளில் வயலுக்கென விற்கும் ஜெல் வேறு. புதுடெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'பூசா ஹைட்ரோஜெல்' போன்றவை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மண் காயும்போது வேருக்குக் கொடுப்பவை. இதில் குரோமியம் இல்லை. ஹெக்டேருக்கு இரண்டரை முதல் ஐந்து கிலோ வரை மண்ணில் இடப் பரிந்துரைக்கப்படுகிறது. நீரைப் பிடித்து வைக்கும் குணம் இரண்டுக்கும் பொதுவானாலும் வேலை வேறு, பொருள் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பயன்படுத்தக் கூடாது.

படுகை விவசாயிகள் கவனத்துக்கு

2020இல் தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதில் அடங்கின. இப்பகுதியில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதை அச்சட்டம் தடை செய்கிறது. ஏற்கெனவே உள்ள கிணறுகளை அது நிறுத்தவில்லை. அவை பழையதாக ஆக, அவற்றிலும் நீரின் பங்கு கூடுவது இயற்கை. ஜெல் செலுத்துவது கிணற்றை நடத்துவோரின் வேலை. ஆனால் தன் நிலத்தையும் நீரையும் கண்காணிப்பது விவசாயியின் கையில் இருக்கிறது.

எண்ணெய்க் கிணறோ குழாய்ப் பாதையோ அருகில் இருந்தால் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்:

1. பாசன நீரை ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்து, முடிவுகளைத் தேதியுடன் பத்திரப்படுத்த வேண்டும். பழைய சோதனை முடிவு கையில் இருந்தால்தான் உப்பு புதிதாக வந்ததா என்று நிலைநாட்ட முடியும்.

2. மோட்டாரைப் பதினைந்து இருபது நிமிடம் ஓடவிட்ட பிறகே மாதிரி நீரைப் பிடிக்க வேண்டும். சுத்தமான பாட்டிலை அதே நீரால் அலசி நிரப்பி, மூடி, சர்வே எண்ணையும் தேதியையும் எழுதி அன்றே அனுப்புவது நல்லது.

3. முடிவில் 'மின் கடத்துதிறன்' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். இது 0.75 டெசிசீமனுக்குள் இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்குத் தொல்லை இல்லை. 2.25க்கு மேல் போனால் உப்பு மிக அதிகம் என்று பொருள். கடல் நீரின் அளவு சுமார் 50.

4. வயலில் ஒரு திட்டில் மட்டும் பயிர் கருகினாலோ, மண்ணில் வெள்ளைப் பூப்புப் படிந்தாலோ, நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ உடனே வேளாண்மை அலுவலருக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.

5. அந்தத் திட்டின் மண்ணைச் சோதிக்கும் முன் ஜிப்சம் இடக்கூடாது. வெறும் உவர் நிலமானால் நல்ல நீரும் வடிகாலும் போதும். சோடியம் ஏறிக் களராகிவிட்டால்தான் ஜிப்சம் வேண்டும். எவ்வளவு என்பதைச் சோதனை முடிவே சொல்லும்.